போகலாமா? இருக்கலாமா?

பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால், கவலை தீர்ந்தது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். சில வீடுகளில் அப்போதுதான் புதுக் கவலை ஆரம்பம் ஆகிறது.

"இந்தக் கல்லூரி வேண்டாம். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்கிறேன்" என்று ஒரு நாள் பிள்ளை வந்து நிற்கிறது.

பாலவாக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகள் சென்னைக் கல்லூரி ஒன்றில் பௌதிகம் (இயற்பியல்) படிக்கிறாள். காலையில் பஸ் ஏறி, திருவான்மியூர், அடையாறு வழியாகப் போய் வருகிறாள். முதல் ஆண்டு முடிந்துவிட்டது. இந்த நேரத்தில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டு "ஆனர்ஸ்" படிப்பில் முதல் ஆண்டில் சேர இடம் கிடைக்கிறது. ஆனர்ஸ் என்றால், ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு ஆழமாகப் படிக்கும் சிறப்புப் படிப்பு.

"டெல்லி என்றால் தனி மதிப்பு. அனுப்பி வையுங்கள், மாமா" என்கிறார் தாய்மாமன்.

"இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கவா?" என்று கேட்கிறார் அப்பா.

இரண்டு பேரும் மகளின் நன்மைக்குத்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒருவர் ஊரின் பெயரைப் பார்க்கிறார். மற்றவர் பயத்தைப் பார்க்கிறார். மகளுக்கு என்ன தேவை என்பதை யாரும் கேட்கவில்லை.

என் கருத்து இதுதான்: பிள்ளைக்குத் தேவையானது இங்கேயே கிடைத்தால், இருக்க வேண்டும். இங்கே கிடைக்காது, அங்கேதான் கிடைக்கும் என்று தெளிவாகத் தெரிந்தால், கஷ்டப்பட்டாவது அனுப்ப வேண்டும்.

மயிலாப்பூர் மாணவர்

இதற்கு நம் சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது.

மயிலாப்பூரில் வளர்ந்தவர் சந்திரசேகர். சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன். 1925-ல் கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 2 ஆண்டு இன்டர்மீடியட் முடிந்ததும் ஆனர்ஸ் வகுப்பில் சேர வேண்டும்.

சந்திரசேகருக்குக் கணிதத்தில் ஆசை. அப்பாவுக்கு அதில் விருப்பம் இல்லை. பையன் பௌதிகம் படித்து, ஐ.சி.எஸ். அதிகாரியாக வரவேண்டும் என்று நினைத்தார். அம்மா சீதாலட்சுமி மகன் பக்கம். உனக்குப் பிடித்ததைப் படி என்றார்.

மகன் என்ன செய்தார்? சண்டை போடவில்லை. கல்லூரியை விட்டு ஓடவும் இல்லை. பௌதிக ஆனர்சில் சேர்ந்தார். அதே கல்லூரியில் கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது!

1928-ல் ஜெர்மன் விஞ்ஞானி சாமர்பெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தை முன்பே படித்திருந்த சந்திரசேகர், நேரில் போய்ப் பார்த்தார். அந்தப் புத்தகம் வந்த பிறகு பௌதிகமே மாறிவிட்டது என்று சாமர்பெல்டு சொன்னார். அச்சுக்குப் போக இருந்த தன் புதிய கட்டுரையையும் கொடுத்தார்.

மாணவர் அதை வைத்துக்கொண்டு உழைத்தார். தானே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் பவுலருக்கு அனுப்பினார். 1929-ல் லண்டன் ராயல் சங்கம் அதை வெளியிட்டது. அப்போது சந்திரசேகருக்கு வயது 19 கூட நிரம்பவில்லை.

1930-ல் ஆனர்ஸ் முடித்தார். அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தது. கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். யாரிடம் படிக்கப் போகிறோம், எதைப் படிக்கப் போகிறோம் என்று அவருக்கு முன்பே தெரியும். கப்பலில் போகும்போதே நட்சத்திரங்களைப் பற்றி அவர் போட்ட கணக்குதான் பின்னால் அவருடைய பெயரை நிலைக்கச் செய்தது. 1983-ல் நோபல் பரிசும் பெற்றார்.

இருக்க வேண்டிய நேரத்தில் இருந்தார். போக வேண்டிய நேரத்தில் போனார்.

மாறியும் பலன் இல்லை

இன்னொரு கதையும் உண்டு. கணித மேதை ராமானுஜன் இரண்டு தடவை இடம் மாறினார்.

1904-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களை அவர் கவனிக்கவில்லை. பணம் நின்றது. படிப்பும் நின்றது. 1906-ல் சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இங்கேயும் அதே எப்.ஏ. படிப்பு. அதே பாடங்கள். மீண்டும் தோல்வி!

ஊர் மாறியது. கல்லூரி மாறியது. தொல்லை மட்டும் கூடவே வந்தது.

இரண்டாவது தடவை, 1914-ல், அவர் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அவருடைய கணிதத்தைப் புரிந்துகொண்டு உடன் உழைக்கக்கூடிய ஹார்டி அங்கே இருந்தார். 1916-ல் ஆராய்ச்சிக்காகவே பட்டம் கிடைத்தது.

ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. அங்கே உடல் நலம் கெட்டது. 1919-ல் நோயாளியாகத் திரும்பினார். 1920-ல், 32 வயதில், மறைந்தார். போகிறவர்கள் படிப்பை மட்டும் எண்ணினால் போதாது. சாப்பாடு, குளிர், தனிமை எல்லாவற்றையும் எண்ண வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

இப்போது நம் பாலவாக்கத்துப் பெண்ணுக்கு வருவோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் 4 ஆண்டு ஆனர்ஸ் படிப்புக்குத் திட்டம் வெளியிட்டது. 3 ஆண்டில் விலகினால் சாதாரணப் பட்டம். 4-வது ஆண்டும் படித்தால் ஆனர்ஸ் பட்டம். அதன் பிறகு எம்.எஸ்சி. ஓர் ஆண்டில் முடிக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

இங்கே பட்டம் 3 ஆண்டு, எம்.எஸ்சி. 2 ஆண்டு. மொத்தம் 5.

அங்கே ஆனர்ஸ் 4 ஆண்டு, எம்.எஸ்சி. ஓர் ஆண்டு. அதுவும் மொத்தம் 5!

ஆனால் இங்கே ஓர் ஆண்டு படித்துவிட்டு, அங்கே முதல் ஆண்டிலிருந்து தொடங்கினால் மொத்தம் 6 ஆகிவிடும். ஓர் ஆண்டுச் செலவும் உழைப்பும் கூடுதல். "இங்கே படித்த ஆண்டு அங்கே கணக்கில் சேருமா?" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் டி.சி. வாங்கக் கூடாது. வாய்ச் சொல்லை நம்பக் கூடாது.

பெற்றோர் பிள்ளையை உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேட்கட்டும்.

இங்கே எது இல்லை?

அது அங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இங்கே இருக்கும் தொல்லை அங்கேயும் வருமா?

"அங்கே இந்தப் பேராசிரியர் இருக்கிறார், இந்தச் சோதனைச் சாலை இருக்கிறது, நான் படிக்க நினைப்பது இங்கே இல்லை" என்று பெண் சொன்னால், ஓர் ஆண்டு போனாலும் போகட்டும். அனுப்புங்கள். "டெல்லி என்றால் பெரிய பெயர்" என்பது மட்டுமே பதில் என்றால், இங்கேயே பட்டத்தை முடிக்கட்டும். எம்.எஸ்சி.க்கு டெல்லி போகலாம். கதவு அப்போதும் திறந்திருக்கும்.

பெண் பிள்ளை என்பதற்காக வேறு கணக்குப் போடாதீர்கள். மகனுக்கு என்ன கேள்வியோ, மகளுக்கும் அதுதான் கேள்வி.

சந்திரசேகர் கப்பல் ஏறிய 1930-ல் அவருடைய தாய் நோயில் படுத்திருந்தார். விட்டுப் போக மகனுக்கு மனம் இல்லை. போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தியவர் அந்தத் தாய்தான். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். மகனை அவர் மீண்டும் பார்க்கவில்லை.

அந்த அம்மையார் கேம்பிரிட்ஜின் பெயரைப் பார்த்து மகனை அனுப்பவில்லை. மகனுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.