காத்திருப்போருக்குத் தீர்ப்பு எழுதாதீர்!

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத் திண்ணைக்கு ஒரு தாய் வந்தார். கையில் ஒரு பழுப்பு நிற உறை. மார்பகத்தை மேமோகிராம் எடுத்ததில் ஏதோ நிழல் தெரிகிறதாம். அல்ட்ராசவுண்டும், தேவையானால் ஊசிவழித் திசுப் பரிசோதனையும் செய்ய வேண்டுமாம். அதற்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன. "சாமி, நோயை நினைத்து நான் அழவில்லை. என்னைப் பற்றிச் சொன்னதை நினைத்துத்தான் அழுகிறேன்" என்றார். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.

சொன்னவர்கள் யார்? அன்பியக் கூட்டத்தில் அவரோடு செபமாலை சொல்பவர்கள். "எந்தப் பாவத்திற்கோ இந்தச் சோதனை" என்றார் ஒருவர். "விசுவாசம் உள்ளவர் அஞ்சமாட்டார்" என்றார் மற்றொருவர். "ஊசி குத்தினால் பரவிவிடும், நவநாள் செய், போதும்" என்றார் மூன்றாமவர். இம்மூன்றும் பக்தியின் உடை தரித்து வந்த கொடுமைகள் என்பேன்.

முதலில் அந்த உறைக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். அது தீர்ப்பன்று, கேள்வி. நீர்க்கட்டியும் நிழலாய்த் தெரியும். சுண்ணாம்புத் துகளும் தெரியும். அழுத்திப் படமெடுக்கையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நல்ல திசுவும் தெரியும். அறிக்கையில் 'பைராட்ஸ் 0' என்றிருந்தால், 'முடிவு சொல்ல இந்தப் படம் போதாது' என்பதே அதன் பொருள். அமெரிக்காவில் அறிகுறி எதுவுமின்றி வழக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளும் பெண்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 10 பேர் மறுபடியும் அழைக்கப்படுகிறார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே புற்றுநோய் காணப்படுகிறது. கையில் கட்டி தட்டுப்பட்ட பிறகு படமெடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் இன்னும் விரைந்து செல்ல வேண்டும். ஆனால் எவருக்கும், விடை வருமுன் விடை தெரியாது.

இனி அந்த மூவருக்கும் வருகிறேன். பாவத்தின் தண்டனையே நோய் என்றவரே, பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டிச் சீடர்கள் கேட்ட கேள்வியும் இதுதானே? அவனும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் மறுத்த பிறகும், மறுக்கப்பட்ட அதே கேள்வியை ஒரு பெண்ணின் தலையில் சுமத்த உமக்கு உரிமை தந்தவர் யார்?

அச்சம் அவிசுவாசம் என்றவரே, கெத்சமனியில் இரத்தத் துளிகளாய் வியர்வை சிந்தியவரிடமும் இதைச் சொல்வீரோ? வரப்போவதை எதிர்நோக்கிக் கலங்கிய அந்த இரவில் அவர் நண்பர்களிடம் அறிவுரை கேட்கவில்லை. தம்மோடு விழித்திருக்கவே கேட்டார். அவர்கள் தூங்கினார்கள். நாமோ தூங்குவதற்குப் பதிலாகப் பிரசங்கம் செய்கிறோம்!

ஊசி வேண்டாம் என்றவரே, உம்மிடம்தான் எனக்குக் கோபம் மிகுதி. ஊசிப் பரிசோதனையால் நோய் உடலெங்கும் பரவுகிறது என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. தாமதத்தால் பரவுகிறது என்பதற்கோ ஆதாரம் ஏராளம். "மகள் கல்யாணம் முடியட்டும், வெளியே தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும்" என்று உறையைப் பீரோவில் பூட்டிவைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. செபம் வேண்டாம் என்கிறேனா? இல்லை. செபிக்கவும் மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் ஒருசேரக் கற்பிக்கிறது சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம். பாதியை மட்டும் படிப்பது பக்தியன்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அழுததோடு நிற்கவில்லை. அவர் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. கண்ணீர் செயலாவதும் செபமே.

குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன். துன்பத்தை விளக்கத் துடிக்கும் மறையுரைகளை இருபத்தைந்து ஆண்டுகளாக நிகழ்த்தியவன் நான். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தவரை நல்லவர்களாயிருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் இறைவனின் சினத்திற்கு ஆளானார்கள்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? பரிசோதனை நாளன்று அவரோடு பேருந்தில் செல்லுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுத உதவுங்கள்: எந்த வகை, அடுத்தது என்ன, முடிவு எந்நாளில், யார் சொல்வார்? அன்று அவர் வீட்டிற்குச் சோறு கொண்டுபோங்கள். இரவில் தூக்கம் வராமல் அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் உடன் இருங்கள். ஆலய வாசலில் நின்று "ரிசல்ட் வந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தத் தாயின் முடிவு என்னவாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். சொல்லமாட்டேன். நல்லதென்றால் நவநாள் பலித்தது என்பீர்கள். அல்லதென்றால் பாவம் பலித்தது என்பீர்கள். ஒன்பதாம் நாள் அவர் பரிசோதனைக்குச் சென்றார் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த மூவரில் ஒருவர், ஊசி வேண்டாம் என்றவரே, துணைக்குச் சென்றார். அது போதும்.