தோள் தையலுக்குப் பிந்தைய 90 நாட்கள்

தோளில் தசைநாண் கிழிந்து அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட நோயாளியின் வீட்டார் எங்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எந்த ஸ்க்ரூ வைப்பீர்கள்? வெளிநாட்டுச் சரக்கா?" செலவு செய்யப் போகிறவர்கள் அப்படிக் கேட்பது நியாயமே. ஆயினும், இயன்முறை மருத்துவப் பிரிவில் அமர்ந்து அந்தத் தோள்களைப் பல மாதங்கள் தொடர்ந்து பார்ப்பவன் என்ற முறையில், அதற்கு முன் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருப்பதாகக் கருதுகிறேன். அடுத்த மூன்று மாதங்கள் அந்தக் கை இல்லாமல் வீடு எப்படி நடக்கும்?

ஸ்க்ரூ என்று நாம் சொல்வதை மருத்துவர்கள் ஆங்கர் என்பர். நங்கூரம் என்று பொருள். எலும்பிலிருந்து பிய்ந்த தசைநாணை மீண்டும் எலும்போடு சேர்த்துக் கட்டுவதற்கான சிறு முளை அது. எலும்பில் அதைப் பதித்தபின், அதில் கோத்த வலுவான நூல்கள் வெளியே நிற்கும். அந்நூல்களைத் தசைநாணின் ஊடே செலுத்தி, எலும்பின்மேல் அது படியுமாறு இறுக்குவர். முன்பு இந்த முளை கிடையாது. எலும்பிலேயே துளைகளிட்டு நூலை அவற்றின் வழியே கோத்துக் கட்டினர். முளைகள் 1980களில் வந்தன. தோளைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியே ஆர்த்ராஸ்கோப்பி முறையில் தைப்பது அவற்றால் எளிதாயிற்று. டைட்டானியத்தால் ஆனது, உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனது, நாளடைவில் உடலில் கரைவது, முழுவதும் நூலாலேயே ஆனது எனப் பல வகை உண்டு. எலும்பின் தன்மையையும் கிழிசலின் அளவையும் பார்த்து அறுவை மருத்துவர் தேர்வு செய்வார். விலை கூடிய முளையால் தசைநாண் விரைந்து ஒட்டிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

நத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எளிது. ஒட்டுக்கன்று கட்டுகிறவர் இரு தண்டுகளையும் சேர்த்து நாடாவால் சுற்றுகிறார். நாடா பிடித்துக்கொள்ள மட்டுமே செய்யும். ஒட்டுவது செடியின் வேலை. ஒட்டுப் பிடித்ததா என்று நாள்தோறும் அசைத்துப் பார்ப்பவரின் கன்று பிழைப்பதில்லை. தோளிலும் அப்படியே. தசைநாணும் எலும்பும் ஓரளவு பாரம் தாங்குமளவுக்கு ஒன்றுசேர ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகின்றன. மூட்டை தூக்குமளவுக்கு உறுதிபெற ஆறு மாதம்வரைகூட ஆகலாம். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவருக்கும் புகைபிடிப்பவருக்கும் இன்னும் தாமதம். அதுவரை பாரம் முழுவதும் நூலின்மேல்தான் நிற்கிறது. தையல் தோற்கும்போது முளை பிடுங்கிக்கொண்டு வருவது குறைவு. எலும்பு மெலிந்த முதியோரிடம் அதுவும் நேரலாம். பெரும்பாலும் நூலே தசைநாணை அறுத்துக்கொண்டு வெளிவருகிறது. நைந்த துணியில் புது நூலால் தைத்து இழுத்தால் எது கிழியும்?

இதில் ஏமாற்றுவது வலிதான். ஆறாம் வாரத்துக்குள் வலி வெகுவாகக் குறைந்துவிடும். ஒட்டுப் பிடிப்பது அந்த வேகத்தில் நடப்பதில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் சுமை தூக்கும் ஒருவர் ஏழாம் வாரத்தில் ஸ்லிங்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தக்காளிப் பெட்டிகளைத் தூக்கியிருந்தார். "வலியே இல்லையே ஐயா" என்றார். தையல் விட்டுப் போயிருந்தது. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் மூவர் உண்பது அவருடைய அன்றாடக் கூலியில்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. அது பெரிய துணை. ஆனால் அது அறுவைக்கான பணம். சும்மா இருக்க வேண்டிய கைக்கான பணம் அன்று. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இஎஸ்ஐ பிடித்தம் உள்ள தொழிலாளர், உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். 91 நாள் என்பது 13 வாரம். தசைநாண் கேட்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. வேலையின்போது நேர்ந்த காயமென்றால் உதவி 90 விழுக்காடு. இவ்வுரிமை தமக்கு இருப்பதையே அறியாமல் விடுப்பு எடுக்க அஞ்சுவோரைப் பார்க்கிறேன். சந்தையில் சுமப்போரும் வயலில் கூலிக்குச் செல்வோரும் பெரும்பாலும் இவ்வேலிக்கு வெளியே நிற்கின்றனர். ஒட்டும் தசைநாணுக்கு இருவரும் ஒன்றே. சட்டத்துக்கு மட்டும் ஏன் வேறாக வேண்டும்?

வீட்டுப் பெண்களின் நிலை இதனினும் கடினம். அவர்களுக்கு விடுப்பு எழுதித்தர எந்த அலுவலகமும் இல்லை. குடம் தூக்குவது, மாவாட்டும் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது, ஈரப் புடவையைப் பிழிவது, பேருந்தில் மேல்கம்பியைப் பற்றுவது ஆகிய ஒவ்வொன்றும் தோள் தையலை இழுக்கும் வேலை. கணவரும் பிள்ளைகளும் இவற்றை ஏற்றுக்கொள்ளும்வரை எங்கள் அறிவுரைச் சீட்டு வெறும் காகிதம்.

எங்கள்மீதும் குறை உண்டு. 1909இல் பாஸ்டன் நகரில் தோள் தசைநாணைத் தைத்த முன்னோடி எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளியையும் நெடுநாள் பின்தொடர்ந்து, சிகிச்சை பலித்ததா என்று மருத்துவமனைகள் கணக்கு வைக்க வேண்டுமென வாதாடியவர். அக்காலத்து மருத்துவர் பலருக்கு அது உவப்பாயில்லை. இன்றும் நாம் பலவிடங்களில் வீட்டுக்கு அனுப்பும் நாளோடு கணக்கை முடித்துக்கொள்கிறோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன், யார் சம்பாதிப்பார், யார் தண்ணீர் எடுப்பார், வாரந்தோறும் பயிற்சிக்கு எந்தப் பேருந்தில் வருவீர்கள் என்று நாங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். விபத்தில் திடீரெனக் கிழிந்த தசைநாணை அதிகம் தள்ளிப்போடலாகாது. வயதால் மெல்லத் தேய்ந்து கிழிந்ததாயின் சிலருக்குப் பயிற்சியே போதும். அறுவை தேவைப்பட்டாலும் நாளைப் பேசி முடிவுசெய்ய இடமுண்டு.

சென்ற ஆண்டு நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ விவசாயி ஒருவர், மகனுக்குக் கல்லூரி விடுமுறை தொடங்கும்வரை காத்திருக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பழைய கிழிசல்தான். மருத்துவர் நாட்காட்டியைப் புரட்டி, விடுமுறையின் முதல் வாரத்தில் நாள் குறித்தார். பயிற்சிக்கு அவரை ஒவ்வொரு முறையும் வண்டியில் அழைத்துவந்தது அந்த மகன்தான்.