சொப்பு வைத்து விளையாடும் வயதிலேயே

மில்லில் ஷிப்டு முடித்து வரும் தோழர் திண்ணையில் கால் நீட்டி உட்காருகிறார். நாள் முழுவதும் நாற்று நட்டுவிட்டு வரும் அவர் மனைவி நேரே அடுப்படிக்குப் போகிறார். ஐந்து வயது மகளும் நாலு வயது மகனும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சற்று நேரத்தில் மகள் சொப்பில் சோறாக்குகிறாள். மகன் "தண்ணி கொண்டா" என்று அக்காளை அதட்டுகிறான். நாம் சிரிக்கிறோம். "பொம்பளைப் பிள்ளைக்கு அது பிறவியிலேயே வரும்" என்கிறார் பாட்டி.

பிறவியிலா வருகிறது?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியல் அறிஞர் 1965-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். மூன்றரை வயது முதல் ஆறு வயதுக்கு உட்பட்ட 33 ஆண் குழந்தைகளுக்கும் 33 பெண் குழந்தைகளுக்கும் ஒரு படம் காட்டப்பட்டது. அதில் ஓர் ஆள் காற்றடைத்த பெரிய பொம்மையை அடித்து நொறுக்குகிறான். பிறகு அதே மாதிரிப் பொம்மையோடு குழந்தைகளை விட்டபோது, பையன்களே அதிகம் அடித்தார்கள். இத்தோடு நிறுத்தியிருந்தால் பாட்டி சொன்னதே சரி என்று ஆகியிருக்கும். ஆனால், "பார்த்ததைச் செய்து காட்டு, பழரசமும் ஒட்டுப் படமும் தருகிறோம்" என்றதும், பெண் குழந்தைகளும் ஏறக்குறைய பையன்கள் அளவுக்கே செய்து காட்டினார்கள்!

பார்த்ததை எல்லாம் அவர்கள் கற்றுத்தான் வைத்திருந்தார்கள். இது தனக்கு ஆகாது என்று அடக்கியும் வைத்திருந்தார்கள். 1961-இல் அவர் நடத்திய முந்தைய பரிசோதனையில், ஒரு பெண் பொம்மையை அடித்தபோது, பெண்கள் இப்படியா நடப்பது என்று முகம் சுளித்த குழந்தைகளும் உண்டு. அந்த வயதுக்குள் அதை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

நம் வீடுகளிலும் இந்தப் பழரசம் பங்கிடப்படுகிறது. மகள் துடைப்பம் எடுத்தால் 'சமர்த்து'. மகன் எடுத்தால் 'பொட்டப் பயலே' என்ற கேலி. இந்தப் பாடத்தின் பலனை அறுப்பவர்கள் வேறு. பெண் பிள்ளை வாய் திறக்காது, பொறுமையாக வேலை செய்யும் என்று தேடிப் பிடித்து மில்லில் சேர்க்கும் முதலாளிக்கு இது ஆதாயம். நடவுக்கு இறங்கும் பெண்ணுக்கு ஆண் கூலியைவிடக் குறைத்துக் கொடுக்கும் நிலச்சுவான்தாருக்கும் ஆதாயம். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-இல் சட்டம் வந்தும் இந்தக் கணக்கு தீரவில்லை.

முதலாளியை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சங்கக் கூட்டத்தில் பெண்ணுரிமை பேசும் தோழருக்கு டீ கொண்டுவந்து கொடுப்பது யார்? அங்கேயும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2024-இல் கேரளத்தில் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தகப்பன் தேங்காய் துருவும் படம் வந்தது. நல்ல காரியம். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டு வயது ஆகிவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தோழர் இன்று இரவே எழுந்து சோறு வடிக்கலாம். மகனைத் தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்லலாம். கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும்.