கான் வெட்டக் கை உண்டு, காணி எங்கே?



வைகாசியில் பிடித்த மழை ஆவணியாகியும் விடுவதில்லை. அட்டனிலும் மஸ்கெலியாவிலும் லயத்துக்குப் பின்னால் நாம் போட்ட பாத்திகள் கரைந்தோடுகின்றன. போஞ்சிப் பூ கொட்டுகிறது. கோவா அழுகுகிறது. உருளைக்கிழங்கு இலை ஒரு கிழமையில் கருகுகிறது.

"மரக்கறி போட இவர்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். மலைச்சரிவெங்கும் கான் வெட்டித் தேயிலையைக் காத்தது யாருடைய கை? சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, கல் அடுக்கி, பாத்தியை உயர்த்தி, சாணி போட நமக்குத் தெரியும். அப்படி மண் தேறச் சில வருடமாகும். துரை நாளைக்கே "எழும்பு" என்றால் விட்டுப் போகவேண்டிய துண்டில் யார் கல் அடுக்குவார்?

இது 1970களில் அரசுடைமையான காணி. 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. உழைத்தவருக்கு மட்டும் உறுதி இல்லை. 1977 இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு உயிர் விட்டதும் காணிப் போராட்டத்தில்தான்.

"தோட்டம் போடுகிறார்களே, சம்பளம் ஏன் கூட்ட வேண்டும்?" என்றும் கேட்பார்கள். 2024 இல் 1,700 ரூபா நாட்சம்பளத்துக்கு எதிராகக் கம்பனிகள் கொழும்பு புதுக்கடையில் உயர் நீதிமன்றப் படியேறி இடைக்காலத் தடை வாங்கியதை நாம் மறக்கவில்லை. நாலு கட்டு லீக்ஸ் நாட்சம்பளத்துக்கு ஈடாகாது. சம்பளம் உழைப்புக்கான கூலி. காணி நம் உரிமை.

தோட்டக் கமிட்டிகளே! அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள்: வீட்டுக்கும் மரக்கறிக்கும் சேர்த்து, குடும்பத்துக்கு ஒரு காணி உறுதி! உறுதி கையில் வந்தால் மழையை நாம் பார்த்துக்கொள்வோம்.