கரையை விட்டு வடிகாலைப் பாருங்கள்



ஏரிச் சீரமைப்பு என்று தொடங்கும் வேலை பல இடங்களில் நடைபாதை, கம்பிவேலி, விளக்குக் கம்பம் என்று கரையோடு நின்றுவிடுகிறது; உள்ளே வரும் கழிவுநீரைத் தொடுவதில்லை. சென்னையின் அம்பத்தூர், கொரட்டூர், மாதவரம் ரெட்டேரி மூன்றும் சங்கிலி ஏரிகள். மேலே கலக்கும் சாக்கடை கீழே இருப்பவர்களையும் விடாது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கக் குடியிருப்புவாசிகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது.

கழிவுநீரில் வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும்தான் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி, இரவில் அதையே இழுத்துக்கொள்கிறது. மீன்கள் பெரும்பாலும் விடிகாலையில் செத்து மிதப்பது இதனால்தான். உரம் வந்துகொண்டிருக்கும்வரை, பொக்லைன் வைத்து அள்ளிய ஆகாயத்தாமரை மறுபடி படரும். அள்ளியதைக் கரையிலேயே குவித்து அழுகவிடுவது இன்னும் மோசம். சத்தெல்லாம் மழையோடு ஏரிக்கே திரும்புகிறது.

மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைத்திருக்கும் கழிவுநீர்க் குழாய்களை முதலில் அடைத்துவிடுங்கள். அடுக்குமாடிகளின் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்மையிலேயே ஓடுகின்றனவா என்று சொல்லாமல் போய்ப் பாருங்கள். மாதம் ஒருமுறை விடியற்காலையில் நீரெடுத்து (நண்பகலில் எடுத்தால் ஏரி நலமாக இருப்பதுபோலத் தெரியும்) கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்படி மீன் வளர லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது தேவை. அந்த எண்ணை மாதந்தோறும் ஏரிக்கரைப் பலகையில் மாநகராட்சி எழுதிப்போட வேண்டும்.

– வாசகர், கொரட்டூர், சென்னை