வாசலில் பெயர், கூலி யார் பையில்?

வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கென்று நிலத்துக்கடியில் புதுவாசல் கட்டி, 2008 டிசம்பர் 2இல் திறந்தார்கள். செலவு 62 கோடி டாலர். நடுக்கூடத்துக்கு ‘விடுதலை மண்டபம்’ என்று பெயர். அந்தக் கட்டடத்துக்கு உழைத்த கறுப்பின அடிமைகளுக்கு மரியாதையாம். 2012இல் நினைவுக்கல்லும் வைத்தார்கள்.

வைக்கட்டும். கல் சுமக்கிற சனத்தில் பிறந்த எனக்குக் கேள்வி இருக்கு. ‘விடுதலை’ன்னா கொடுத்தவன் முகந்தானே முன்னால வருது? உழைத்தவன் கூலி எங்கே?

1790களில் அடிமைகளை வாடகைக்கு எடுத்தார்கள். காசு எஜமான் பைக்குப் போச்சு. குவிமாடத்தின் உச்சியில் நிற்கும் ‘சுதந்திர’ச் சிலையை வார்த்தவர்களில் ஒருவர் பிலிப் ரீட். அடிமை. ஞாயிற்றுக்கிழமைக் கூலி மட்டும் அவர் கைக்கு வந்தது: 33 ஞாயிறு, 41.25 டாலர். மற்ற ஆறு நாள் கூலி எஜமானுக்கு. அந்தச் சிலையை வார்க்க உதவிய சுதை மாதிரிதான் இன்று அந்த மண்டபத்தில் நிக்குது.

தோழர்களே, பெயர் சூட்டுவது சுலபம். அதில் யாருக்கும் நட்டமில்லை. அடிமைக்கு உரியது கருணை இல்லை, பாக்கி. எத்தனை நாள் உழைப்பு, எவன் வாங்கினான் என்று வாசலிலேயே எழுதட்டும். கூலிக்கணக்குத் தீராத மண்டபத்துக்கு விடுதலை என்று பெயர் வைத்தால் அது கடன்காரன் தனக்குத்தானே எழுதிக்கொண்ட ரசீது.