தேநீருக்கு வந்த தடை

2023ஆம் ஆண்டின் இறுதியில், மால்டோவா நாட்டின் குடியரசுத் தலைவர் மையா சாண்டு பேசுவதுபோன்ற காணொலி ஒன்று பரவியது. காட்டு ரோசாக் கனியில் காய்ச்சும் தேநீரை மக்கள் இனிப் பருகக்கூடாது என்று அதில் அவர் அறிவித்தார். அவர் அவ்வாறு பேசவேயில்லை. முகமும் குரலும் செயற்கை நுண்ணறிவின் ஆக்கம். நகைத்துக் கடந்துவிடத்தக்க இந்தப் பொய்க்கும் அவரது அலுவலகம் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே, ஏறத்தாழ 24 இலட்சம் மக்கள் வாழும் சிறுநாடு மால்டோவா. அதன் கிழக்கிலுள்ள டிரான்ஸ்னிஸ்திரியா 1992ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர் அரசின் கட்டுப்பாட்டில் இல்லை. ரஷ்யப் படைவீரர் அங்கு உள்ளனர். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது, மால்டோவாவுக்குள் அகதிகள் வந்தனர், வதந்திகளும் வந்தன. ஐரோப்பாவோடு சேர்ந்தால் போர் வரும், பிள்ளைகள் களத்துக்கு அனுப்பப்படுவர் என்பதே அவற்றின் பல்லவி.

வெறும் பொய் நெடுநாள் நிற்பதில்லை. மெய்யான துயரத்தில் ஒட்டிக்கொண்ட பொய்தான் நிற்கிறது. 2022 அக்டோபரில் ரஷ்ய நிறுவனமான காஸ்ப்ரோம் மால்டோவாவுக்கு அளித்த எரிவாயுவை 30 விழுக்காடு குறைத்தது. குளிர்காலத்தில் எரிவாயுக் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவரிடம், 'உன் அரசு உன்னை மறந்துவிட்டது' என்று சொல்ல எவருக்கும் பெரிய திறமை தேவையில்லை. எரிவாயுவைக் குறைத்தவர் யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டால் போதும்!

அவ்வாண்டு டிசம்பரில் அரசு ஆறு தொலைக்காட்சி அலைவரிசைகளை நிறுத்தியது. போர்க்காலத்தில் அது புரிந்துகொள்ளத்தக்க செயல்தான். ஆயினும் ஆணையிட்டது நீதிமன்றமன்று, அவசரநிலை ஆணையம். வதந்திகளோ டெலிகிராமுக்கும் டிக்டாக்கிற்கும் குடிபெயர்ந்தன.

2024 அக்டோபரில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் நோக்கத்தை அரசமைப்பில் எழுதலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. பதிவான ஏறத்தாழ 15 இலட்சம் வாக்குகளில் 'ஆம்' என்பது பதினோராயிரத்துக்கும் குறைவான வேறுபாட்டில் வென்றது. ரஷ்யாவில் தங்கியிருக்கும் செல்வந்தர் இலான் ஷோரின் கூட்டத்தார் 1,30,000 பேருக்கும் மேற்பட்டோருக்குப் பணம் அனுப்பினர் என்று காவல்துறை கூறியது. ரஷ்யா தன் தலையீட்டை மறுத்தது. அவ்வளவு பேரும் விலைபோயினர் என்றே கொள்வோம். 'இல்லை' என்றவர்களோ ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். எஞ்சியவர்களையும் பகைவரின் கையாட்கள் என்று சொல்வது மற்றொரு பொய்ப்பரப்புரையே ஆகும்.

2025 செப்டம்பர் தேர்தலில் சாண்டுவின் கட்சி 101 இடங்களில் 55ஐ வென்றது. 'இல்லை' என்றவர்களின் அடுப்புக்கு எரிவாயு எங்கிருந்து, என்ன விலையில் வரும் என்று விடைசொல்ல வேண்டியதும் அந்த அரசுதான்.